கெட்ட ராணி குடியிருந்த ஊர்

கனடா தேசத்தின் மேற்குக் கோடியில், ஃபிரேஸர் நதி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், ஸ்டீவ்ஸ்டன் என்று ஒரு மீனவ ஊர் இருக்கிறது. வான்கூவருக்குப் போகிறவர்கள் தொங்கு பாலத்தில் நடப்பார்கள். ஸ்டான்லி பூங்காவைச் சுற்றுவார்கள். மலை உச்சிக்குக் கம்பி வண்டியில் ஏறுவார்கள். நகரத்துக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிற இந்த ஊரை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு கடைத்தெரு, அதை ஒட்டிச் சில சின்னத் தெருக்கள், ஒரு படகுத்துறை, மீனை டப்பாவில் அடைத்த பழைய தொழிற்சாலை ஒன்று. ஊர் இவ்வளவுதான்.

ஆனால் 2011-லிருந்து உலகத்தில் எத்தனையோ வீடுகளில் இந்த ஊரை டெலிவிஷனில் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். பெயர்தான் தெரியாது! 'ஒன்ஸ் அப்பான் எ டைம்' என்ற அமெரிக்கத் தொடரில் 'ஸ்டோரிபுரூக்' என்று ஒரு ஊர் வருகிறதே, அது இந்த ஸ்டீவ்ஸ்டன்தான். கதைப்படி அது அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மெய்ன் மாகாணத்தில் இருக்கிறது. படம் பிடித்ததோ நேர் எதிர்க் கரையில். கதையில் சூரியன் கடலிலிருந்து எழ வேண்டும். நிஜத்தில் இங்கே அது கடல் பக்கம் அஸ்தமிக்கிறது!

இந்த ஊரைப் பற்றி எழுதத் தோன்றியதற்கு அதன் அழகு மட்டும் காரணம் அல்ல. பெரிய பாவம் செய்த ஒருவர் திருந்த முடியுமா? திருந்தி வந்தால் அவரை என்ன செய்வது? குடும்பம் நடத்துகிற நம் எல்லோருக்கும் என்றாவது ஒரு நாள் வருகிற கேள்விதான் இது. அதற்கு இரண்டு பதில்கள் இந்த ஒரே ஊரில் கிடைக்கின்றன. ஒன்று கதை, மற்றது நிஜம்.

ராத்திரிப் பால் நேரத்தில்

என் பெண்ணின் இரண்டாவது பிரசவத்துக்காக வான்கூவர் பக்கத்தில் அவள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ராத்திரி ஏது, பகல் ஏது? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பால். உட்கார்ந்தபடியே கண் அசந்துவிடக் கூடாதே என்று என் பெண் டெலிவிஷனைச் சத்தம் குறைத்துப் போட்டுக்கொள்வாள். பழைய தொடரை முதலிலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைக்கிற சாக்கில் நானும் பார்க்க ஆரம்பித்தேன். அப்புறம் அந்த நேரம் எப்போது வரும் என்று காத்திருக்கிற மாதிரி ஆகிவிட்டது.

கதை இதுதான். ஸ்னோ வைட்டை நமக்குத் தெரியும். விஷ ஆப்பிள் கொடுத்த மாற்றாந்தாய் ராணியையும் தெரியும். அந்த ராணி ஒரு சாபம் போட்டு, கதைகளில் வருகிற அத்தனை பேரையும் நம் காலத்துச் சாதாரண ஊர் ஒன்றில் கொண்டுவந்து அடைத்துவிடுகிறாள். தாங்கள் யார் என்பதே அவர்களுக்கு மறந்துபோகிறது. ஊர்க் கடிகாரம் எட்டே கால் மணியில் நின்றுவிடுகிறது. 28 வருஷம் யாருக்கும் வயசு ஏறுவதில்லை. ராணி மட்டும் எல்லாம் தெரிந்தவளாக, ரெஜினா என்ற பெயரோடு, அந்த ஊருக்கு மேயராக உட்கார்ந்திருக்கிறாள். லானா பரில்லா என்ற நடிகை நடித்திருக்கிறார். அவர் புருவத்தைத் தூக்கினால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது!

"இப்படியும் ஒரு ராட்சஸி உண்டாடி?" என்றேன் முதல் வாரத்தில்.

"இப்பவே திட்டித் தீர்த்துடாதேம்மா. போகப் போகப் பாரு" என்றாள் என் பெண்.

போகப் போகத்தான் விஷயம் தெரிந்தது. ரெஜினா சின்னப் பெண்ணாக இருக்கும்போது லாயத்தில் வேலை பார்த்த டேனியல் என்ற பையனை விரும்பினாள். அந்த ரகசியம் ஸ்னோ வைட்டுக்குத் தெரியும். அப்போது அவள் விவரம் அறியாத குழந்தை. ரெஜினாவின் தாய் கோரா தேன் ஒழுகப் பேசி அந்தக் குழந்தையிடமிருந்து ரகசியத்தைக் கறந்துவிட்டாள். பெண்ணின் கண் எதிரிலேயே அந்தப் பையனைக் கொன்றும் விட்டாள். பிறகு ஸ்னோ வைட்டின் தகப்பனான ராஜாவுக்கு ரெஜினாவைக் கட்டி வைத்தாள்.

கோபம் வர வேண்டியது பெற்ற தாயின் மேல். அவளை எதிர்க்கத் தைரியம் இல்லை. அதனால் அத்தனை கோபமும் கைக்கு எட்டிய குழந்தையின் மேல் திரும்பியது. நம் வீடுகளிலும் இது நடக்காததா? மாமியாரிடம் காட்ட முடியாத ஆத்திரத்தை மருமகளிடம் காட்டுகிறவர்கள், புருஷனிடம் பேச முடியாததைப் பிள்ளையின் முதுகில் வைக்கிறவர்கள்... அரண்மனை வேண்டியதில்லை, அடுக்களையே போதும்.

மாங்க்டன் தெருவில் ஒரு நடை

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும், வெயில் அடித்த ஒரு நாள் எல்லோருமாக ஸ்டீவ்ஸ்டனுக்குப் புறப்பட்டோம். வான்கூவரிலிருந்து கனடா லைன் ரயிலில் ஏறி, கடைசி நிலையமான ரிச்மண்ட்-பிரைக்ஹவுஸில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். தள்ளுவண்டியோடு ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மாங்க்டன் தெருதான் கடைத்தெரு. தணிவான பழைய கட்டடங்கள். கதையில் பாட்டியம்மா நடத்துகிற சாப்பாட்டுக் கடையாக வந்தது இந்தத் தெருவில் இருந்த ஒரு காபிக் கடை. மந்திரவாதி மிஸ்டர் கோல்ட் வைத்திருந்த அடகுக் கடை, நிஜத்தில் ஒரு பரிசுப் பொருள் கடை. படப்பிடிப்பு நாட்களில் கடைகளின் பெயர்ப் பலகைக்கு மேல் கதையின் பெயர்ப் பலகையை மாட்டுவார்களாம். படம் பிடித்து முடிந்ததும் கழற்றிவிட்டால் ஊர் பழையபடி ஊர்.

என் பேத்திக்கு ஆறு வயசு. கண்ணாடி ஜன்னல் ஒவ்வொன்றிலும் மூக்கை ஒட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவள் திடீரென்று கேட்டாள்: "பாட்டி, அந்த ராணி நல்லவளா, கெட்டவளா?"

நான் யோசிக்கிறதற்குள் என் பெண் பதில் சொன்னாள்: "நிறையக் கெட்டது செஞ்சவடா செல்லம். அப்புறம் நல்லது செய்யக் கத்துண்டா. கத்துக்க ரொம்ப வருஷம் ஆச்சு."

அந்த 'ரொம்ப வருஷம்' என்பதுதான் இந்தத் தொடரில் எனக்குப் பிடித்த விஷயம். நம் சினிமாக்களில் வில்லன் கடைசி ரீலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடு" என்பான். உடனே குரூப் போட்டோவில் சிரித்தபடி நிற்பான். ரெஜினாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஏழு பகுதிகளாக, 2018 வரை ஓடிய கதையில் அவள் நாலு அடி முன்னே வைத்தால் இரண்டு அடி சறுக்குகிறாள்.

ஒரு தாய் திருந்திய கதை

அவளை மாற்றியது உபதேசம் அல்ல, ஒரு பிள்ளை. ஹென்றி என்ற குழந்தையை அவள் தத்து எடுத்து வளர்க்கிறாள். கைக்குழந்தையாக அவன் ஓயாமல் அழுகிறான். ஊரையே ஆட்டிவைக்கிற ராணிக்கு ஒரு பச்சைக் குழந்தையின் அழுகையை நிறுத்தத் தெரியவில்லை! திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைக்கிறாள். நினைத்துவிட்டு, மனசு கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். அந்தக் காட்சியை ராத்திரி இரண்டு மணிக்கு, மடியில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருக்கப் பார்த்தோம். என் பெண் வாய் திறக்கவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

ஹென்றிக்குப் பத்து வயசாகும்போது பெற்ற தாய் எம்மா ஊருக்கு வந்து சேருகிறாள். ரெஜினாவுக்கு வந்ததே ஆத்திரம்! ஆப்பிள் வைத்த பலகாரத்தில் விஷம் கலந்து எம்மாவிடம் கொடுக்கிறாள். அதை வாங்கிக் கடித்தவன் ஹென்றி. அவள் வைத்த விஷத்துக்கு அவள் பிள்ளையே விழுகிறான். முதல் பகுதி 2012 மே மாதம் இப்படித்தான் முடிந்தது. எம்மா நெற்றியில் முத்தமிட்டதும் பிள்ளை எழுந்தான், சாபமும் உடைந்தது. ரெஜினா திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில்தான்.

ஆனாலும் உடனே திருந்திவிடவில்லை. மந்திரத்தைத் தொடமாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கிறாள், மீறுகிறாள். தாய் கோரா வந்ததும் பழைய பாதைக்கே போகிறாள். பிறகு ஊர் அழியப் போகிற நேரத்தில் தன் உயிரைக் கொடுத்துத் தடுக்க முன்வருகிறாள்.

எல்லாவற்றிலும் பெரிய தியாகம் மூன்றாவது பகுதியில் வருகிறது. ஊரையும் பிள்ளையையும் காப்பாற்ற வேண்டுமானால் அவள் ஹென்றியை விட்டுப் பிரிந்தே ஆக வேண்டும். பிரிகிறபோது, அவனை வளர்த்த பத்து வருஷ நினைவையும் எடுத்து எம்மாவுக்குக் கொடுத்துவிடுகிறாள். 'நான்தான் இவனைப் பிறந்ததிலிருந்து வளர்த்தேன்' என்று எம்மா நினைப்பாள். பிள்ளையும் அப்படியே நினைப்பான். ராத்திரி கண் விழித்தது, ஜுரத்தில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது, எதற்கும் ரெஜினாவின் பெயர் இருக்காது! பிள்ளையைக் கொடுக்கிற தாயைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறோம். 'நான் வளர்த்தேன்' என்கிற பெருமையையும் சேர்த்துக் கொடுக்கிறவள் எங்கே இருக்கிறாள், சொல்லுங்கள்!

கதவைத் திறக்காத ராணி

இதற்கு நடுவில்தான் யாரும் எதிர்பாராத காதல் ஒன்று முளைக்கிறது. வில்லிக்கு ஜோடி யார்? ராபின் ஹூட்! பணக்காரர்களிடம் திருடி ஏழைகளுக்குக் கொடுப்பானே, அதே காட்டு வீரன்தான். ஷான் மக்வயர் என்ற நடிகர் நடித்தார்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. பல வருஷம் முன்னால், ரெஜினா ராணியாக இருந்து புழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், டிங்கர் பெல் என்ற தேவதை இரக்கப்பட்டு அவளை ஒரு சத்திரத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறாள். "உள்ளே இருக்கிறான் உனக்கானவன், கையில் சிங்கம் பச்சை குத்தியிருப்பான்" என்கிறாள். ரெஜினா கதவு வரை போகிறாள். உள்ளே போகாமல் திரும்பி ஓடிவந்துவிடுகிறாள். ஏன்? அவளிடம் சொத்து என்று இருந்தது கோபம் ஒன்றுதான். சந்தோஷம் வந்துவிட்டால் அதை விட வேண்டும். விட்டால் தான் யார் என்றே தெரியாமல் போய்விடுமே என்ற பயம்.

இந்த இடத்தைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய மனத்தாங்கலையே துணையாக வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா? நாத்தனார் எப்போதோ சொன்ன ஒரு வார்த்தையை நாற்பது வருஷம் பொத்தி வைத்திருப்பார்கள். சமாதானம் பேச வந்தால் கதவைத் திறக்க மாட்டார்கள்.

வருஷங்கள் கழித்து ராபின் அவள் வழியில் வருகிறான். மனைவியை இழந்து சின்னப் பையனோடு நிற்கிறவன். இருவரும் முதலில் எலியும் பூனையுமாகத்தான் இருக்கிறார்கள். ஒரு நாள் அவன் கையில் இருக்கிற சிங்கம் அவள் கண்ணில் படுகிறது. திடுக்கிட்டு மறுபடியும் விலகித்தான் போகிறாள்! பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வருகிறாள். எதிரி தன் இருதயத்தைத் திருடிவிடாமல் இருக்க, அதை எடுத்து அவனிடமே கொடுத்துப் பாதுகாக்கச் சொல்கிறாள். எதிரி அவன் பையனைப் பிடித்து மிரட்டவும், அவன் இருதயத்தைக் கொடுத்துவிட்டுப் பையனைக் காப்பாற்றுகிறான். பழைய ரெஜினாவாக இருந்தால் அவனைச் சாம்பலாக்கியிருப்பாள். இந்த ரெஜினாவோ, 'நீ செய்ததுதான் சரி; பிள்ளையைவிட எதுவும் பெரிசு இல்லை' என்கிற மாதிரி பேசுகிறாள். அவள் மாறிவிட்டாள் என்று நான் நம்பியது அப்போதுதான்.

ஆனால் பழைய பாவம் சும்மா விடுமா? ராணியாக இருந்த காலத்தில் அவள் மரண தண்டனை கொடுத்த ஒரு பெண், மந்திரத்தால் உயிரோடு வந்து நிற்கிறாள். அவள்தான் ராபினின் மனைவி மேரியன். ரெஜினா பல்லைக் கடித்துக்கொண்டு மேரியன் பிழைக்க உதவுகிறாள். அவள் உயிர் தங்க வேறு வழியில்லை என்றதும் ராபினை அவளோடு ஊரைவிட்டு அனுப்பியும் வைக்கிறாள். வந்தவள் நிஜ மேரியன் அல்ல, வேஷம் போட்ட தன் அக்கா ஸெலினா என்பது பின்னால்தான் தெரிகிறது. ராபின் திரும்பி வருகிறான். ஆனால் 2016-ல், அவள் மேல் பாய வந்த மரணத்துக்குக் குறுக்கே நின்று உயிரை விடுகிறான். அவள் மறுபடி கெட்டவளாகப் போக அதைவிட வேறு காரணம் வேண்டுமா? போகவில்லை.

தனக்குள் இருக்கிற கெட்ட ராணியைப் பிய்த்து எறியவும் ஒரு முறை பார்க்கிறாள். பிய்ந்தது தனி உருவமாக எழுந்து ஊரை ஆட்டுகிறது! கடைசியில் அதைக் கொல்லாமல், தன் அன்பில் பாதியை அதற்குக் கொடுத்து, அதன் இருளில் பாதியைத் தான் வாங்கிக்கொள்கிறாள். 2018 மே மாதம் வந்த கடைசிப் பகுதியில் எல்லோரும் சேர்ந்து அவளை நல்ல ராணியாக முடிசூட்டுகிறார்கள்.

"எல்லாம் சரிம்மா, ஒண்ணுதான் இடிக்கிறது" என்றாள் என் பெண், படகுத்துறைப் பக்கம் நடந்தபோது. "ஸ்னோ வைட் மன்னிச்சுட்டா, எம்மா மன்னிச்சுட்டா. பெயர் இல்லாத எத்தனை கிராமத்து ஜனங்களை அவ கொன்னா? அவங்க பிள்ளைகளை யார் கேட்டா?"

நியாயமான கேள்வி. தொடரில் அதற்குச் சரியான பதில் இல்லை. ஆனால் ஸ்டீவ்ஸ்டன் ஊரில் இருக்கிறது.

பலகைக்குப் பின்னால் இருந்த ஊர்

கதையில் 'ஸ்டோரிபுரூக் கேனரி' என்று வருகிற பெரிய மரக் கட்டடம், நிஜத்தில் 'கல்ஃப் ஆஃப் ஜார்ஜியா கேனரி'. 1894-ல் ஆற்றின் மேல் மரத் தூண்களை நட்டுக் கட்டியது. சால்மன் மீனை டப்பாவில் அடைத்துக் கப்பல் ஏற்றிய இடம். 1979-ல் வேலை நின்றது, 1994-லிருந்து பொருட்காட்சிசாலை. உள்ளே போனால் பழைய இயந்திர வரிசை அப்படியே இருக்கிறது. பூர்வகுடிப் பெண்களும் ஜப்பானியப் பெண்களும் ஈரத் தரையில் நின்று மீன் கழுவி, டப்பா நிரப்பினார்கள். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வேலை செய்தவர்களும் உண்டு. அதைக் கேட்டதும் என் பெண் தள்ளுவண்டியில் தூங்கிய குழந்தையின் போர்வையைச் சரி செய்தாள்.

அங்கிருந்து கிழக்கே ஆற்றங்கரையோடு நடந்தால் பிரிட்டானியா ஷிப்யார்ட்ஸ் என்ற பழைய படகு கட்டும் தளம். அங்கே ஒரு சின்ன மர வீடு. படகு கட்டும் தச்சர் முரகாமியும் மனைவி அஸாயோவும் பத்துப் பிள்ளைகளோடு 1929-லிருந்து 1942 வரை வாழ்ந்த வீடு. அஸாயோவுக்கும் ஒரு எதிர்பாராத காதல் உண்டு. அந்தக் காலத்து ஜப்பானியப் பெண்கள் பலரைப் போல, போட்டோ பார்த்து நிச்சயமான மாப்பிள்ளையை நம்பிக் கப்பலேறி வந்தவர் அவர். வந்து பார்த்தால் மனசுக்கு ஒப்பவில்லை. 'முடியாது' என்று சொல்லிவிட்டு, தனக்கு ஆன செலவைத் தானே உழைத்துத் திருப்பிக் கொடுத்தாராம்! அப்புறம்தான் முரகாமியைக் கைப்பிடித்தார். வீட்டைச் சுற்றிப் பூந்தோட்டம் போட்டார். நூறு வயசுக்கு மேல் வாழ்ந்த அவரைப் பற்றிப் பேத்தி லிண்டா ஓஹாமா 2001-ல் 'ஒபாச்சன்ஸ் கார்டன்' என்று ஒரு படம் எடுத்தார். 'பாட்டியின் தோட்டம்' என்று பொருள்.

சரி, 1942-ல் என்ன ஆயிற்று? உலக யுத்தத்தில் ஜப்பான் எதிரி நாடானதும், கனடா அரசாங்கம் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 22,000 பேரை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தியது. அவர்களில் பெரும்பாலோர் கனடாவின் பிரஜைகள், அங்கேயே பிறந்தவர்கள். ஒரு குற்றமும் செய்யாதவர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்பிடி படகுகளைப் பறிமுதல் செய்தார்கள். வான்கூவரில் ஹேஸ்டிங்ஸ் பூங்காவில் ஆடு மாடு கட்டும் கொட்டகைகளில் பெண்களையும் குழந்தைகளையும் தங்க வைத்தார்கள். பிறகு உள்நாட்டு மலைப் பகுதிகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் விட்டுப் போன வீடு, நிலம், சாமான்களை அவர்களைக் கேட்காமலே விற்றார்கள். பேருக்கு ஒரு சாபம் போட்ட மாதிரி, ஸ்டீவ்ஸ்டனின் ஜப்பானியத் தெருக்கள் ஒரே வருஷத்தில் வெறிச்சோடின.

யுத்தம் 1945-ல் முடிந்தது. கரைக்குத் திரும்பலாம் என்ற அனுமதி 1949 ஏப்ரல் மாதம்தான் வந்தது. சிலர் திரும்பி வந்தார்கள். சொந்தப் படகு இல்லை, வீடு இல்லை. கூலிக்கு மீன் பிடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

தப்பு செய்த அரசாங்கம் திருந்தியதா? ரெஜினாவைவிட ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது! 1988 செப்டம்பர் 22-ஆம் தேதி, பிரதமர் பிரயன் மல்ரோனி பார்லிமெண்டில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அப்போது உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 டாலர் கொடுக்க ஏற்பாடாயிற்று. நடுவே 46 வருஷம் போயிருந்தது. பறிகொடுத்தவர்களில் எத்தனையோ பேர் அந்த வார்த்தையைக் கேட்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். அந்த மன்னிப்பும் தானாக வந்ததல்ல. பாதிக்கப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வருஷக்கணக்கில் விடாமல் கேட்டு வாங்கியது.

என் பெண்ணின் கேள்விக்கு இதுதான் பதில் என்று எனக்குப் பட்டது. திருந்தியவர் மனசார அழுவது ஒரு பக்கம். பறிகொடுத்தவர் முகத்தைப் பார்த்து, அவர் இழந்தது இன்னது என்று பெயர் சொல்லி, திருப்பிக் கொடுக்க முடிந்ததைக் கொடுப்பது இன்னொரு பக்கம். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது அரைக் கிணறுதான். மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற உரிமையும் பறிகொடுத்தவருக்கே உண்டு. 'பழசை மறந்துடு' என்று நடுவில் நின்று அவசரப்படுத்துகிற உரிமை நமக்குக் கிடையாது. குடும்பப் பஞ்சாயத்துகளில் நாம் அடிக்கடி மறந்துவிடுகிற விஷயம் இது.

போகிறவர்களுக்கு

ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் நல்ல வெயில். ஜூலை 1-ஆம் தேதி கனடா தினத்தன்று சால்மன் திருவிழா நடக்கும். கூட்டம் சொல்லி முடியாது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழை பிடித்துக்கொள்ளும். எந்த மாதமானாலும் ஆற்றுக் காற்று சிலுசிலுவென்று அடிக்கும். குழந்தைக்குக் காது மூடுகிற தொப்பியும், நமக்கு ஒரு ஸ்வெட்டரும் அவசியம். கரையோரப் பாதை சமதரை. தள்ளுவண்டி தாராளமாகப் போகும்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு யோகம்தான். படகுத்துறையில் மீனவர்கள் படகிலிருந்தே மீன் விற்கிறார்கள். சால்மனில் பாதரசம் குறைவு. இருதயத்துக்கு நல்ல கொழுப்பு அதிகம். கர்ப்பிணிகள் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடாமல், நன்றாக வேகவைத்துச் சாப்பிட வேண்டும். சைவக்காரர்கள் என்னைப் போலத் தயிர் சாதம் கட்டிக்கொண்டு போய்விடுவது உத்தமம். ஆற்றைப் பார்த்தபடி சாப்பிட பெஞ்சுகள் இருக்கின்றன.

மேற்குக் கோடியில் கேரி பாயிண்ட் பூங்கா இருக்கிறது. அங்கே 'குனோ தோட்டம்' என்று ஒரு சின்ன ஜப்பானியத் தோட்டத்தைத் தவறவிடாதீர்கள். 1888-ல் ஜப்பானின் வக்கயாமா பகுதியிலிருந்து வந்து, தன் ஊர்க்காரர்களையும் இங்கே அழைத்துக் குடியேற்றிய கிஹே குனோவின் நினைவாக, அவர் வந்த நூறாவது ஆண்டை ஒட்டி அமைத்தது. நூறாவது ஆண்டு 1988. அதே வருஷம்தான் பிரதமர் மன்னிப்புக் கேட்டதும்!

வசந்த காலத்தில் அங்கே செர்ரி மரங்கள் இலை தெரியாமல் பூக்கின்றன. துரத்தப்பட்டவர்களின் வம்சத்தார் திரும்பி வந்து, அதே ஊருக்காக வைத்த மரங்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ராணியின் கதையைச் சொல்லுங்கள். கூடவே இந்த மரங்களின் கதையையும் சொல்லிவிடுங்கள்.